ஒரே ஆவணத்தில் ஒரு வகுப்பு: கூட்டாக எழுதும் இணையக் கருவிகளை ஆசிரியர் பழகும் முறை

கூகுள் டாக்ஸ், ஷீட்ஸ், பேட்லெட், மைக்ரோசாஃப்ட் ஒயிட்போர்டு, எக்ஸ்காலிட்ரா, ஈதர்பேட் என்று கூட்டாக வேலை செய்ய உதவும் இணையக் கருவிகள் நிறைய இருக்கின்றன. பயிற்சி முகாம்களில் ஒரே நாளில் ஏழெட்டைக் காட்டி அனுப்பிவிடுவார்கள். அடுத்த வாரம் வகுப்பில் நிற்கும்போது ஒன்றும் கைக்கு வராது. ஒரே ஒரு கருவியை எடுத்து, அதை மாணவரின் பக்கத்திலிருந்தும் பார்த்துப் பழகுவதுதான் நிலைக்கும். வகுப்பில் நடக்கும் குளறுபடிகளில் பெரும்பாலானவை, ஆசிரியர் அந்த ஆவணத்தை உரிமையாளராக மட்டுமே பார்த்திருப்பதால் வருகின்றன. உரிமையாளருக்கு எல்லாமே திறக்கும். பிள்ளைக்கு எது திறக்கும், எது திறக்காது, எதை அது அழித்துவிட முடியும் என்பது அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

இங்கே கூகுள் டாக்ஸை அடிப்படையாக வைத்துச் சொல்கிறோம். தமிழில் எழுத எளிது, பணம் வேண்டாம், பழைய கணினியிலும் குரோம் இருந்தால் ஓடும். நடந்த மாற்றம் ஒவ்வொன்றும் பதிவாகிறது என்பதை எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்ல வேண்டும். வகுப்பறைக்கு இதைவிட முக்கியமான வசதி வேறில்லை.

இரண்டு கணக்கு வைத்து முதலில் நீங்களே

இரண்டாவது ஜிமெயில் கணக்கு ஒன்றை உருவாக்குங்கள். உங்கள் வழக்கமான கணக்கு குரோமில் திறந்திருக்கட்டும். கன்ட்ரோல், ஷிஃப்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் இன்காக்னிட்டோ சாளரம் (ஏற்கெனவே நுழைந்த கணக்கை எடுத்துக்கொள்ளாத தனிச் சாளரம்) வரும். அதில் இரண்டாவது கணக்கில் நுழையுங்கள். விண்டோஸ் பொத்தானோடு இடது அம்புக்குறியையும், அடுத்த சாளரத்தில் வலது அம்புக்குறியையும் அழுத்தினால் திரை இரண்டு பாதியாகும். இடது பாதி ஆசிரியர், வலது பாதி மாணவர்.

ஆசிரியர் பக்கத்தில் முகவரிப் பட்டையில் 'டாக்ஸ் டாட் நியூ' என்று ஆங்கிலத்தில் தட்டினால் புதிய ஆவணம் உடனே திறக்கும். நான்கு வரி எழுதுங்கள். மேலே வலப்புறம் இருக்கும் ஷேர் பொத்தானை அழுத்தி, இரண்டாவது கணக்கின் மின்னஞ்சலைச் சேர்த்து முதலில் வியூவர் (பார்க்க மட்டும்), பிறகு கமென்டர் (கருத்துச் சொல்ல மட்டும்), பிறகு எடிட்டர் (திருத்த) என்று உரிமையை மாற்றிக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் வலது பாதியைப் புதுப்பித்து, மெனுவில் என்ன வருகிறது, என்ன மறைகிறது என்று பாருங்கள். வியூவராக இருக்கும் பிள்ளை எவ்வளவு தட்டினாலும் எழுத்து விழாது. "டீச்சர், கீபோர்டு வேலை செய்யல" என்று வகுப்பில் கேட்கும் குரலுக்குப் பாதி நேரம் காரணம் இதுதான்.

அடுத்தது கட்டாயம் செய்ய வேண்டிய ஒத்திகை. மாணவர் பக்கத்தில் கன்ட்ரோல், ஏ அழுத்தி எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழியுங்கள். இப்போது ஆசிரியர் பக்கத்தில் கன்ட்ரோல், இசட் அழுத்திப் பாருங்கள். அழிந்தது திரும்பாது. அன்டூ என்பது அவரவர் செய்ததை மட்டுமே திருப்பும். அடுத்தவர் செய்ததைத் தொடாது. அழித்தவர் உடனே தன் கணினியில் கன்ட்ரோல், இசட் அழுத்தினால் வரும். அவர் சாளரத்தை மூடிவிட்டால் வெர்ஷன் ஹிஸ்டரி என்ற மாற்றங்களின் பதிவுதான் வழி.

ஃபைல் மெனுவில் வெர்ஷன் ஹிஸ்டரிக்குப் போங்கள். கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், எச் என்ற குறுக்கு வழியும் உண்டு. வலப்புறம் நேர வரிசையில் பழைய நிலைகள் தெரியும். ஒவ்வொரு நேரத்துக்கும் பக்கத்தில் உள்ள சிறிய அம்புக்குறியைத் தட்டினால் இன்னும் நுணுக்கமாகப் பிரியும். யார் எதை எழுதினார், எதை அழித்தார் என்பது நிறத்தோடு வரும். இங்கே 'ரெஸ்டோர்' பொத்தானை அவசரப்பட்டு அழுத்தக் கூடாது. அது முழு ஆவணத்தையும் அந்த நேரத்துக்குக் கொண்டுபோய்விடும். ஒரு குழு அழித்ததை மீட்கப் போய், மற்ற ஒன்பது குழு அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் மறைந்துவிடும். பழைய நிலையைத் திறந்து, காணாமல் போன பகுதியை மட்டும் நகலெடுத்து, இன்றைய ஆவணத்துக்குத் திரும்பி ஒட்டுங்கள். இதை மூன்று நான்கு முறை செய்து கை பழகிவிட்டால், வகுப்பில் யார் எதை அழித்தாலும் பதற்றம் வராது.

இத்தனைக்கும் பிறகு சக ஆசிரியர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு உண்மையான வேலை ஒன்றைச் செய்யுங்கள். ஒரு பாடத்துக்கான பாடக் குறிப்பு, ஆண்டு விழா வேலைப் பட்டியல், எதுவானாலும் சரி. வினாத்தாள் மட்டும் வேண்டாம். பழகும் காலத்தில் ஒரு தவறான உரிமை போதும், இணைப்பு வெளியே போய்விடும்.

கணக்கா, இணைப்பா

மாணவர்களை உள்ளே அழைக்க இரண்டு வழி. பள்ளிக்குக் கூகுளின் கல்விக் கணக்குத் தளம் இருந்தால் (அடிப்படைப் பதிப்பு தகுதியுள்ள பள்ளிகளுக்கு இலவசம்) ஒவ்வொரு பிள்ளைக்கும் பள்ளி மின்னஞ்சல் இருக்கும். அதுவே சிறந்தது. இல்லையென்றால், ஷேர் பெட்டியின் கீழே 'ரெஸ்ட்ரிக்டட்' என்றிருப்பதை 'எனிஒன் வித் த லிங்க்' என்றும் பக்கத்தில் 'எடிட்டர்' என்றும் மாற்றி, இணைப்பை மட்டும் கொடுக்கலாம். கணினியின் உலாவியில் கணக்கில் நுழையாமலே எழுத முடியும். ஆனால் நுழையாதவர்கள் எல்லாம் பெயரில்லா விலங்குகளாகத்தான் தெரிவார்கள். யார் எழுதினார் என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது. கைபேசியில் டாக்ஸ் செயலிக்குக் கணக்கு வேண்டும். கணக்கில்லாமல் கைபேசியிலிருந்து எழுதச் சொல்லி வீட்டுப்பாடம் தந்தால் பாதிப் பேர் திண்டாடுவார்கள்.

சொந்தக் கணக்கு தொடங்குவதற்கு இந்தியாவில் 13 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைப் பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டுக் கணக்குத் தொடங்கச் சொல்லும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அதைச் செய்யவே கூடாது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழே எல்லோரும் குழந்தைகள்தான். பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். கூட்டு வேலை தொடங்குமுன் எந்தக் கருவி, எதற்கு, என்ன பெயரில் என்று ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி, பெற்றோர் கையெழுத்து வாங்கி, தலைமையாசிரியரிடம் ஒரு படி கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று: ஒரே கைபேசி எண்ணை வைத்து வகுப்பு முழுவதற்கும் கணக்குத் தொடங்க முடியாது. சில கணக்குக்குப் பிறகு அந்த எண்ணைக் கூகுள் ஏற்காது. கணக்கு வேண்டுமென்றால் வீட்டில் பெற்றோர் எண்ணிலேயே தொடங்கி வரச் சொல்லி, கடவுச்சொல்லை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதாமல் வீட்டிலேயே வைத்துப் பழகச் சொல்ல வேண்டும்.

இணைப்பைப் பகிர்ந்ததும் கியர் குறியைத் தட்டி, 'எடிட்டர்ஸ் கேன் சேஞ்ச் பெர்மிஷன்ஸ் அண்ட் ஷேர்' என்ற பெட்டியின் டிக்கை எடுத்துவிடுங்கள். இது விட்டுப்போனால் எழுதும் உரிமை உள்ள எந்தப் பிள்ளையும் வேறு யாரையும் சேர்க்கலாம், பகிர்வு முறையையே மாற்றலாம். தன் தெரு நண்பனைச் சேர்த்துவிடுவது சாதாரணமாக நடக்கும்.

ஆய்வகக் கணினியில் அடிக்கடி வரும் 'யூ நீட் ஆக்சஸ்' செய்திக்குக் காரணம் பெரும்பாலும் உங்கள் உரிமை அமைப்பில் இருக்காது. முந்தைய பாடவேளையில் வந்தவர் தன் கணக்கிலிருந்து வெளியேறாமல் போயிருப்பார். பிள்ளை அதே பொத்தானைத் தட்டித்தட்டி உங்கள் மின்னஞ்சலை அனுமதிக் கோரிக்கைகளால் நிரப்பும். எல்லாக் கணினியிலும் இன்காக்னிட்டோ சாளரத்திலேயே தொடங்கும் பழக்கத்தை முதல் நாளே ஏற்படுத்திவிட்டால், சாளரத்தை மூடியதும் கணக்கும் மூடிவிடும்.

எழுதும் இடத்தைப் பிரித்துக் கொடுப்பது

வெற்று ஆவணத்தைத் திறந்து "எல்லோரும் எழுதுங்கள்" என்றால் எல்லோரும் முதல் வரியில்தான் கர்சரை வைப்பார்கள். ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும் சொல்லின் நடுவில் இன்னொருவர் எழுத்து வந்து விழும். மேலே ஒருவர் என்டர் தட்டினால் கீழே எல்லோருடைய வரியும் இறங்கும். தங்கள் வரி ஓடிவிட்டதென்று நினைத்து மறுபடி எழுதுவார்கள். கருவியில் பழுதில்லை, இடம் பிரிக்கப்படவில்லை.

ஒரு எடுத்துக்காட்டு. ஒன்பதாம் வகுப்பு, நாற்பது பேர், பத்துக் கணினி. ஊர்க் கண்மாயைப் பற்றி வகுப்பே சேர்ந்து ஓர் அறிக்கை எழுத வேண்டும். ஆவணத்தின் தலையில் செய்ய வேண்டியதை மூன்று வரிக்குள் தடித்த எழுத்தில் வையுங்கள்: "உங்கள் குழு எண்ணுள்ள கட்டத்தில் மட்டும் எழுதுங்கள். குறைந்தது ஐந்து வாக்கியம். யாரிடம் கேட்டறிந்தீர்கள் என்பதை உறவு முறையில் எழுதுங்கள், பெயர் வேண்டாம்." அதன் கீழே மூன்று பத்தி, பதினொரு வரிசை கொண்ட அட்டவணை. முதல் பத்தி குழு எண். இரண்டாவது கேள்வி. மூன்றாவது, பிள்ளைகள் எழுத வேண்டிய காலி இடம். கேள்விகள் ஒவ்வொரு குழுவுக்கும் வேறாக இருக்கட்டும்: வரத்துக் கால்வாய் எங்கிருந்து வருகிறது, எத்தனை மடை, கலுங்கு (மிகை நீர் வெளியேறும் வழி) எந்தப் பக்கம், கலுங்கு தாண்டிய தண்ணீர் எங்கே போகிறது, ஆயக்கட்டில் இப்போது என்ன பயிர், மீன் ஏலம் யார் எடுக்கிறார்கள், கரையில் என்ன மரங்கள், கடைசியாக எப்போது தூர் வாரினார்கள். எல்லாக் குழுவுக்கும் ஒரே கேள்வி கொடுத்தால் முதலில் எழுதிய குழுவின் விடையை ஒன்பது குழு நகலெடுக்கும். திரையில் எல்லாம் தெரியும்போது அப்படித்தான் ஆகும். பிள்ளைகளைத் திட்டிப் பயனில்லை.

ஐந்து வாக்கியத்துக்கு அட்டவணை போதும். ஒரு பக்கத்துக்கு மேல் எழுதும் வேலையென்றால் அட்டவணையும் கீழே இறங்கிக்கொண்டே போகும். அப்போது ஆவணத்தின் இடப்புறம் உள்ள கூட்டல் குறியைத் தட்டிக் குழுவுக்கு ஒரு டேப் (அதே ஆவணத்துக்குள் தனிப் பகுதி) உருவாக்கிவிடுங்கள். இணைப்பு ஒன்றுதான், ஒவ்வொரு குழுவும் தன் டேப்பில் எழுதும், யார் வரியும் யாரையும் தள்ளாது. ஒரே நேரத்தில் 100 பேர் வரை ஓர் ஆவணத்தைத் திருத்தலாம் என்பது கூகுளின் வரம்பு. நடைமுறையில் பத்துப் பன்னிரண்டு கர்சருக்கு மேல் ஒரே பக்கத்தில் துள்ளினால் பிள்ளைகளால் படிக்கவே முடியாது.

ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் படி வேண்டுமென்றால் கூகுள் கிளாஸ்ரூமில் (வகுப்புக்கு வேலை கொடுத்து வாங்கும் கூகுளின் தளம்) அசைன்மென்ட் போடும்போது கோப்பின் பக்கத்தில் 'மேக் எ காபி ஃபார் ஈச் ஸ்டூடன்ட்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அனுப்பிய பிறகு இதற்கு மாற்ற முடியாது. அசைன்மென்ட்டை நீக்கிவிட்டு மறுபடி போட வேண்டும். அனுப்புமுன் இரண்டு தடவை பாருங்கள். கிளாஸ்ரூம் இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி: ஆவண முகவரியின் கடைசியில் 'எடிட்' என்றிருக்கும் சொல்லையும் அதற்குப் பின்னால் உள்ளதையும் அழித்துவிட்டு, அந்த இடத்தில் 'காபி' என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டி அனுப்பினால், திறப்பவருக்குப் படி எடுத்துக்கொள்ளும் பக்கம் வரும். கணக்கில் நுழைந்தவர்களுக்கு மட்டுமே இது பயன்படும். படி எடுத்தால் பழைய வரலாறு அதனுடன் வராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

முதல் பாடவேளை

நாற்பது நிமிடத்தில் முதல் நாளே அறிக்கை வந்துவிடாது. கணினி திறந்து, உலாவி திறந்து, உள்ளே வருவதற்கே பதினைந்து நிமிடம் போய்விடும். முகவரி நீளமானது, கரும்பலகையில் எழுதி அடிக்கச் சொன்னால் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறிப் பாதிப் பேருக்குத் திறக்காது. ஆய்வகக் கணினிகளின் டெஸ்க்டாப்பில் முதல் நாளே குறுக்கு இணைப்பை வைத்துவிடுங்கள். அல்லது இணைப்புச் சுருக்கி ஒன்றால் ஆறேழு எழுத்தாக்கி, எண் 0, எழுத்து ஓ போன்ற குழப்பம் இல்லாதபடி தேர்ந்தெடுங்கள்.

முதல் நாளுக்கு இரண்டு ஆவணம் வேண்டும். ஒன்று கிறுக்குவதற்கு. ஐந்து நிமிடம் என்ன வேண்டுமானாலும் எழுதலாம், அழிக்கலாம், நிறம் மாற்றலாம் என்று விட்டுவிடுங்கள். அடுத்தவர் எழுத்தை அழிக்கும் ஆசை புதிதாக வருபவர் எல்லோருக்கும் உண்டு. அதை இங்கேயே தீர்த்துக்கொள்ளட்டும். ஐந்து நிமிடம் ஆனதும் வெர்ஷன் ஹிஸ்டரியை புரொஜெக்டரில் காட்டுங்கள். கணக்கில் நுழைந்து எழுதியிருந்தால் யார் எதை அழித்தார் என்று நிறத்தோடு தெரியும்; அதைப் பிள்ளைகள் தங்கள் கண்ணால் பார்த்துவிட்டால் மிரட்டலே தேவைப்படாது. பிறகு அசல் ஆவணத்தைத் திறந்து, அவரவர் கட்டத்தில் ஒரே ஒரு வாக்கியம் எழுதினால் போதும். அன்றைக்கு அவ்வளவுதான்.

ஒரு கணினிக்கு நால்வர் என்றால் ஒருவர் தட்ட, மூவர் வேடிக்கை பார்ப்பார்கள். ஒருவர் தட்டுபவர், ஒருவர் வாக்கியம் சொல்பவர், ஒருவர் எழுத்துப்பிழை பார்ப்பவர், ஒருவர் நோட்டில் உள்ள குறிப்போடு ஒப்பிடுபவர் என்று பிரித்து, ஏழு நிமிடத்துக்கு ஒரு முறை மணி அடித்து இடம் மாற்றுங்கள். வரலாற்றில் தட்டியவர் கணக்கு மட்டுமே பதிவாகும். அதை வைத்து மதிப்பெண் போட்டால் வாக்கியத்தை யோசித்துச் சொன்ன பிள்ளைக்குப் பெரிய அநியாயம். கட்டத்தின் கடைசியில் நால்வரின் வகுப்பு எண்ணையும் யார் என்ன செய்தார் என்பதையும் ஒரு வரியில் எழுதச் சொல்லுங்கள்.

இரண்டாம் பாடவேளையில் ஒரு குழு அடுத்த குழுவின் எழுத்தில் கமென்ட் போடலாம். சொல்லைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல், ஆல்ட், எம். சும்மா விட்டால் "சூப்பர்", "நல்லா இருக்கு" என்று நாற்பது கமென்ட் வரும். கமென்ட் ஒரு கேள்வியாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒரே ஒரு விதி வையுங்கள். "எங்கள் கண்மாய் மிகப் பெரியது" என்று ஒரு குழு எழுதியிருந்தால், "ஒரு சுற்று நடந்து வர எவ்வளவு நேரம் ஆகும்?" என்று மற்றக் குழு கேட்கும். எழுதிய குழு போய்க் கேட்டு வந்து அந்த வாக்கியத்தைத் திருத்தும். கூட்டாக எழுதுவதன் முழுப் பயனும் இந்த இடத்தில்தான் கிடைக்கிறது. திருத்தியதும் கமென்ட்டை 'ரிசால்வ்' செய்யும் உரிமையைக் கேள்வி கேட்ட குழுவுக்கே கொடுங்கள்.

அளவீடுகளுக்கு ஷீட்ஸ்

அறிவியல் ஆசிரியர்கள் டாக்ஸோடு நிற்க வேண்டாம். தனி ஊசல் சோதனை, கூகுளின் விரிதாளான ஷீட்ஸுக்கு நன்றாகப் பொருந்தும். பத்துக் குழுவும் வேறுவேறு நீளத்தில் ஊசலை ஆட்டி, 20 அலைவுக்கான நேரத்தை அளந்து, பொதுவான ஒரே தாளில் இடுகின்றன. பத்திகள்: குழு, நீளம் (மீட்டரில்), 20 அலைவு நேரம் (நொடியில்), ஓர் அலைவு நேரம், அதன் வர்க்கம். கடைசி இரண்டு பத்தியும் சூத்திரம். நீளத்துக்கும் அலைவு நேர வர்க்கத்துக்கும் ஸ்கேட்டர் வரைபடம் ஒன்றை அதே தாளில் வைத்துவிட்டால், குழுக்கள் எண் இட இடப் புள்ளிகள் நேர்கோட்டில் வந்து உட்காருவதை வகுப்பே பார்க்கும்.

எதிர்பார்க்க வேண்டிய எண்கள் இவை: 1 மீட்டருக்கு 20 அலைவு சுமார் 40.1 நொடி, அரை மீட்டருக்கு 28.4, கால் மீட்டருக்கு 20.1. கோட்டின் சரிவு 4.03 அருகில் வரும், 39.48ஐ (அதாவது 4π²) அந்தச் சரிவால் வகுத்தால் புவியீர்ப்பு முடுக்கம் 9.8.

ஒரு புள்ளி மட்டும் கோட்டுக்குக் கீழே தனியாக நின்றால், பெரும்பாலும் அந்தக் குழு ஊசலை விட்ட கணத்திலேயே "ஒன்று" என்று எண்ணத் தொடங்கியிருக்கும். "சுழியம்" என்று தொடங்கியிருக்க வேண்டும். 19 அலைவை 20 என்று எண்ணினால் 1 மீட்டருக்கு 38.1 நொடி வரும், முடுக்கம் 10.9 அளவுக்கு ஏறிவிடும். எல்லாக் குழுவின் எண்ணும் ஒரே தாளில் இருப்பதால்தான் இந்தப் பிழை கண்ணில் படுகிறது, தனித்தனி நோட்டில் இருந்தால் அந்தக் குழு "எங்களுக்கு 10.9 வந்தது" என்று எழுதி முடித்திருக்கும். நூலின் முனையிலிருந்து குண்டின் மையம் வரை அளக்காமல் மேல் விளிம்போடு நிறுத்திய குழுவின் புள்ளியோ கோட்டுக்குச் சற்று மேலே நிற்கும்.

தாளில் வரும் தொல்லைகள் வேறு. பிள்ளைகள் "28.4 நொடி" என்று அலகையும் சேர்த்து எழுதுவார்கள், ஷீட்ஸ் அதை எண்ணாக எடுக்காது, சூத்திரக் கட்டத்தில் பிழைச் செய்தி வரும். டேட்டா மெனுவில் டேட்டா வேலிடேஷன் போய், நேரப் பத்திக்கு 10 முதல் 60 வரையிலான எண் மட்டும், மற்றதை நிராகரி என்று வைத்துவிடுங்கள். காலி வரிசைகளில் சூத்திரம் சுழியத்தைக் காட்டி வரைபடத்தின் மூலையில் பொய்ப் புள்ளிகளை வைக்கும்; நேரக் கட்டம் காலியாக இருந்தால் விடையும் காலியாக இருக்கும்படி சூத்திரத்தில் நிபந்தனை சேருங்கள். தலைப்பு வரிசையையும் சூத்திரப் பத்திகளையும் தேர்ந்தெடுத்து, அதே டேட்டா மெனுவில் 'புரொடெக்ட் ஷீட்ஸ் அண்ட் ரேஞ்சஸ்' கொடுத்து உங்களுக்கு மட்டும் திருத்தும் உரிமை வையுங்கள். இல்லாவிட்டால் பாடவேளை முடிவதற்குள் சூத்திரத்தின் மேல் யாராவது எண்ணை அடித்துவிடுவார்கள். ஒரு கட்டத்தில் யார் என்ன மாற்றினார் என்று பார்க்க, வலது பொத்தான் அழுத்தி 'ஷோ எடிட் ஹிஸ்டரி'.

தமிழ் எழுத்து

பழைய கோப்புகளிலிருந்து எடுத்து ஒட்டும்போது தமிழ் மறைந்து, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை வரும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டியவை அவை. எழுத்துருவை மாற்றினால் சரியாகாது. என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டு யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டுக்கு மாற்றிய பிறகே ஒட்ட வேண்டும். மாற்றிய பின் ஒரு தடவை படித்துப் பார்ப்பது நல்லது, குறிப்பாக ஒகர, ஓகார எழுத்துகளையும் மேற்கோள் குறிகளையும்.

விண்டோஸ் 10இன் புதிய பதிப்புகளில் தமிழ்99, ஒலிபெயர்ப்பு இரண்டு விசைப்பலகையும் உள்ளேயே இருக்கின்றன; செட்டிங்ஸில் மொழியைச் சேர்த்தால் போதும். எழுத்துருவுக்கு டாக்ஸில் 'மோர் ஃபான்ட்ஸ்' போய் ஸ்கிரிப்ட்ஸில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கட்டமரன் எல்லாம் வரும். ஆசிரியர் நீளமான பகுதியை உள்ளிட வேண்டுமென்றால் டூல்ஸ் மெனுவில் உள்ள வாய்ஸ் டைப்பிங் தமிழையும் நன்றாகவே கேட்கிறது. நிறுத்தக்குறிகளைக் கையால் போட்டுக்கொள்ள வேண்டும். வகுப்பு இரைச்சலில் அது பயன்படாது.

இணையம் சரியில்லாத பள்ளியில்

இணைப்பு அடிக்கடி அறுந்தால் டாக்ஸ் மேலே 'ட்ரையிங் டு கனெக்ட்' என்று காட்டி நிற்கும். அந்த நிலையில் தட்டியதை நம்பக் கூடாது. இப்படிப்பட்ட ஆய்வகங்களுக்கு ஈதர்பேட் நல்ல தீர்வு. 2008இல் தொடங்கி, 2009இல் கூகுள் வாங்கி, பிறகு திறந்த மூலமாக வெளிவந்த மென்பொருள் அது. ஆய்வகத்தின் ஏதாவது ஒரு கணினியில் நிறுவிவிட்டால், வெளி இணையமே இல்லாமல் உள் வலையில் எல்லாக் கணினியும் அதைத் திறக்கலாம். யாருக்கும் கணக்கு வேண்டாம். நிறுவும் வேலைக்கு நோட் ஜேஎஸ் தேவை. கணினி ஆசிரியரோ ஆய்வகப் பொறுப்பாளரோ ஒரு மாலையில் முடித்துவிடலாம். இயல்பாக 9001ஆம் போர்ட்டில் இயங்கும். நிறுவிய கணினியில் கமாண்ட் பிராம்ட் திறந்து 'ஐபிகான்ஃபிக்' என்று ஆங்கிலத்தில் தட்டினால் அதன் ஐபி முகவரி கிடைக்கும். அந்த எண், முக்காற்புள்ளி, 9001, சாய்கோடு, பி, சாய்கோடு, குழுவின் பெயர்: இதுதான் ஒவ்வொரு குழுவின் பக்கம். அந்தக் கணினியில் திறந்து, மற்றவற்றில் திறக்கவில்லை என்றால் விண்டோஸ் ஃபயர்வால் தடுக்கிறது. பிரைவேட் நெட்வொர்க்குக்கு அனுமதி கொடுங்கள். நேற்று வேலை செய்த முகவரி இன்று திறக்கவில்லை என்றால் ஐபி எண் மாறியிருக்கும். அந்த ஒரு கணினிக்கு மட்டும் நிலையான எண் கொடுத்துவிட்டால் தீர்ந்தது.

ஒவ்வொருவர் எழுத்தும் ஒவ்வொரு பின்னணி நிறத்தில் வரும். கடிகாரக் குறியைத் தட்டினால் எழுதப்பட்டது முழுவதையும் முதலிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். ஒரு பத்தி எப்படித் திருத்தப்பட்டு உருவானது என்று வகுப்புக்குக் காட்ட இதைவிட எளிய வழி இல்லை. அட்டவணை, படம் எல்லாம் எதிர்பார்க்காதீர்கள்.

வகுப்பு முடிந்ததும்

மணி அடிக்குமுன் மூன்று வேலை. வெர்ஷன் ஹிஸ்டரியில் 'நேம் கரன்ட் வெர்ஷன்' கொடுத்து "9ஆ, இரண்டாம் நாள்" என்பதுபோல் பெயர் வையுங்கள். பகிர்வை எடிட்டரிலிருந்து வியூவருக்கு மாற்றுங்கள். மாற்றாவிட்டால் இரவில் வீட்டிலிருந்து யாராவது திறந்து விளையாடுவார்கள். பிடிஎஃப் ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். இணையக் கருவிகள் மூடப்படுவதும் உண்டு: பல ஆசிரியர்கள் பழகியிருந்த கூகுள் ஜாம்போர்டு 2024 டிசம்பர் 31 அன்று நிறுத்தப்பட்டது. கைவசம் படி இருந்தால் எது மூடினாலும் பிள்ளைகளின் வேலை போகாது.

கூட்டு ஆவணத்தில் எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறை மாணவருக்குத் தரும் அடையாள எண்), ஆதார் எண், பெற்றோர் கைபேசி, சாதி, மதிப்பெண் எதுவும் இருக்கக் கூடாது. ஷீட்ஸில் மதிப்பெண் தாளை 'ஹைட்' செய்துவிட்டுப் பகிர்வதும் பாதுகாப்பில்லை. பார்க்கும் உரிமை மட்டும் உள்ளவர்கூடப் படி எடுத்து, மறைத்ததைத் திறந்துவிடலாம். மதிப்பெண் என்றால் தனிக் கோப்பு, பகிர்வே இல்லாதது.

ஆவணம் யார் கணக்கில் தொடங்கப்பட்டதோ அவருடையது. கலந்தாய்வில் மாறுதல் கிடைத்து ஆசிரியர் வேறு பள்ளிக்குப் போகும்போதும், ஓய்வு பெறும்போதும், பள்ளிக் கணக்கு நீக்கப்படும்போதும் அவர் உருவாக்கிய வகுப்பு ஆவணங்களும் கூடவே போய்விடும். போகுமுன் ஷேர் பெட்டியில், பொறுப்பேற்கும் ஆசிரியரின் பெயருக்கு எதிரே உள்ள உரிமைப் பட்டியலில் 'ட்ரான்ஸ்ஃபர் ஓனர்ஷிப்' கொடுக்க வேண்டும். சொந்த ஜிமெயில் கணக்குகளுக்கிடையே என்றால் வாங்குபவர் மின்னஞ்சலில் வரும் அழைப்பை ஏற்றால்தான் மாறும். ஏற்றுவிட்டாரா என்று அவர் முன்னிலையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளிக் கணக்கிலிருந்து சொந்த ஜிமெயிலுக்கு உரிமையை மாற்ற முடியாது, படிதான் எடுக்க முடியும். பிள்ளைகள் யார் என்ன எழுதினார் என்ற வரலாறு அந்தப் படியில் இருக்காது.